இருபதாம் நம்பர் டோன்

பேட்டரி மாற்றிய கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்விட்ச் போட்டேன். திரையில் என் டோன்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அர்த்தமில்லாத எழுத்துகளும் கட்டங்களும்தான் தெரிந்தன. 1995ஆம் வருஷம், வடபழனியில் நான் குடியிருந்த மாடி அறை. கீபோர்டு, யமஹா டிஎக்ஸ்7. அதன் நினைவைக் காப்பது உள்ளே போர்டில் பற்றவைத்திருக்கும் ஒரு லித்தியம் பேட்டரி. கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் 32 டோன்களும் போய்விடும். எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளியே ஒரு காப்பி எடுத்தாக வேண்டும். "டோன் எல்லாம் உள்ளதான் இருக்கு, காப்பி எடுத்துட்டு மாத்துங்க" என்று இரண்டு தடவை சொல்லித்தான் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். எடுக்கவில்லை. "ஃபாக்டரி டோன் போட்டுக்கலாம் சார், அதே 32 வந்துடும்" என்றார்கள்.

அதே 32 அல்ல அவை. அவற்றில் பதினொன்று நானே செய்தவை. இருபதாம் நம்பரில் இருந்தது வீணை. அதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது.

டோன் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் பேட்ச், ப்ரீசெட், வாய்ஸ் என்றெல்லாம் எழுதியிருக்கும். கோடம்பாக்கத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு அது டோன். "அவர்கிட்ட நல்ல டோன் இருக்கு" என்றால் அவர் விரல் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. வேறு யாரிடமும் இல்லாத சத்தம் அவர் பெட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். 1988ல் எனக்கு வயது பத்தொன்பது. ஒரு கீபோர்டுக்காரரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு ஏழரைக்கே ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். டிஎக்ஸ்7 மட்டும் 14 கிலோவுக்கு மேல். மரப்பெட்டியோடு ஆட்டோவில் குறுக்கே வைத்து, என் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போவேன். ஸ்டாண்டு போட்டு, ஒயர் மாட்டி, அன்றைய பாட்டுக்கு வேண்டிய டோன்களை வரிசைப்படுத்தி வைப்பது என் வேலை. வாசிப்பவர் அவர். ஆனால் டோன் மெல்ல மெல்ல என் கைக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு எங்கள் பேட்டை எப்படி இருந்தது என்றால், 1986ல் 'புன்னகை மன்னன்' வந்தபோதே சீக்வென்சரும் கம்ப்யூட்டரும் டீக்கடைப் பேச்சில் வந்துவிட்டன. ஐம்பது வயலின் உட்காரும் ஹாலில் ஓரமாக ஒரு கீபோர்டு ஸ்டாண்டு நிற்கும். 1992ல் 'ரோஜா' வந்த பிறகு ஓரம் எது, நடு எது என்பதே மாறிப்போனது. நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சில வருஷங்களில்.

டிஎக்ஸ்7க்குள் நடப்பது எஃப்எம். அதை விளக்க நம் காதுக்குத் தெரிந்த ஒரு விஷயமே போதும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கம்பிதம் போடுங்கள். வினாடிக்கு ஐந்தாறு தடவை அசைந்தால் அது கமகமாகக் கேட்கும். அந்த அசைவையே வினாடிக்கு நூறு, இருநூறு தடவை என்று ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் காது அசைவைக் கேட்பதை விட்டுவிடுகிறது. நிற்கிற ஒரே ஸ்வரம்தான், ஆனால் அதன் நிறம் வேறு என்று கேட்கிறது. 1967ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கம்ப்யூட்டரில் இதைத்தான் கண்டுபிடித்தார். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்குக் காட்டியபோது அவர்களுக்கு ஆர்வமில்லை. யமஹா எடுத்துக்கொண்டது. 1983ல் டிஎக்ஸ்7 வந்தது. ஒரு ஸ்வரத்துக்கு ஆறு ஆபரேட்டர்கள், அதாவது ஆறு சைன் அலைகள். யார் யாரை அசைக்க வேண்டும் என்பதற்கு 32 விதமான அமைப்புகள். ஒரே சமயத்தில் 16 ஸ்வரங்கள். உலகம் முழுக்க அந்தக் காலத்து மெல்லிசைப் பாட்டுகளில் கேட்கும் எலெக்ட்ரிக் பியானோ அதன் ஃபாக்டரி டோன்தான். கீழே ஒரு ஆபரேட்டர் ஒரு மடங்கில், அதை அசைக்கும் இன்னொன்று 14 மடங்கில். அந்தப் பதினான்குதான் சுத்தியல் கம்பியில் படும் 'டிங்' சத்தம்.

டோன் செய்வது பொறுமைக்குப் பரீட்சை. எண்ணை மாற்ற கீபோர்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்லைடர், கூட்டக் குறைக்க இரண்டு பட்டன், வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரித் திரை. ஒரு டோனுக்குள் சுமார் 150 எண்கள். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் எழுந்து அடங்கும் வடிவம் ஒன்று உண்டு. அதற்கு நான்கு வேகம், நான்கு உயரம், எல்லாம் பூஜ்யத்திலிருந்து 99 வரை. ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் திரையில் பார்க்க முடியும். மற்ற 149ம் மனசில் இருக்க வேண்டும்.

வீணை டோன் தேவைப்பட்ட காரணம் சாதாரணமானது. ரீ-ரெக்கார்டிங் ராத்திரி பதினொன்றுக்கு நடக்கும். வீணை வித்வானை எட்டு மணிக்கே அனுப்பியிருப்பார்கள். மறுநாள் பிரிண்ட் போக வேண்டும். டைரக்டர் ஒரு ஷாட்டுக்கு "இங்க ஒரு வீணை வந்தா நல்லாருக்கும்" என்பார். அப்போது என் பக்கம் திரும்புவார்கள். ஐந்தாம் நம்பர் அமைப்பில் செய்தேன். அதில் மூன்று ஜோடிகள், ஒவ்வொன்றிலும் கீழே ஒன்று பாடும், மேலே ஒன்று அதை அசைக்கும். முதல் ஜோடி உடம்பு. இரண்டாவதில் மேலே இருப்பதை மூன்று மடங்குக்கு வைத்து அந்த மூக்குச் சத்தம். மூன்றாவதில் ஏழு மடங்கு, உடனே எழுந்து உடனே சாகும்படி வைத்தால் நகம் தந்தியில் பட்டு விலகும் மீட்டு. மூன்று வாரத்தில் ஓரளவு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பகலில் வாசிக்க வரும் வித்வான் ஒருவரை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். லஞ்ச் பிரேக்கில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மீட்டு இருக்குடா. கார்வை எங்க?"

"நிக்குதே மாமா."

"நிக்கறது. கார்வை இல்லே. இங்க வா."

தன் வீணையின் குடத்தில் என் காதை வைக்கச் சொன்னார். சாரணியை ஒரே தடவை மீட்டினார். மரத்தின் வழியே கேட்டபோதுதான் தெரிந்தது. மீட்டியவுடன் சத்தம் கொஞ்சம் உள்ளே போகிறது. பிறகு மெல்லத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. அதற்கப்புறம்தான் அடங்க ஆரம்பிக்கிறது. குதிரையின் மேல் இருக்கும் உலோகத் தகடு சமதளமில்லை, லேசான வளைவு. தந்தி அதிரும்போது அந்தத் தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அதில் மேல் ஸ்வரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. பியானோ அடித்தவுடனே அடங்கத் தொடங்கிவிடும். வீணைக்கு அடித்தபின் ஒரு மலர்ச்சி இருக்கிறது.

பழைய அனலாக் சிந்த்களில் இதைச் செய்யச் சிரமப்பட்டிருப்பேன். அவற்றில் எழும், இறங்கும், ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான். டிஎக்ஸ்7ல் நான்கு உயரம் இருந்தது. அசைக்கும் ஆபரேட்டரை முதலில் 99க்கு ஏற்றி, சட்டென்று 70 சொச்சத்துக்கு இறக்கி, அங்கிருந்து மெதுவாக மறுபடி 80ஐத் தாண்ட விட்டேன். பாடும் ஆபரேட்டர் நெடுநேரம் எடுத்து அடங்கும். நிறம் திறக்கும்போதே சத்தம் தேய்ந்துகொண்டிருக்கும். எந்த வேகத்தில் ஏறினால் அது கார்வை, எந்த வேகத்தில் ஏறினால் அது வெறும் 'வாவ்' என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மீதி ஆறு மாதம். ஒருநாள் மாமா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிபன் பாக்ஸைத் திறந்தார். அதுதான் அவர் சம்மதிக்கும் விதம். அன்றைக்கே இருபதாம் நம்பரில் சேமித்தேன்.

அந்த டோன் எத்தனை படத்தில் போயிருக்கிறது என்று எண்ணவில்லை. 1995ல் அது போன பிறகு திரும்பச் செய்ய உட்கார்ந்தேன். எண்களை நான் எழுதி வைத்திருக்கவில்லை, விரலுக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை. அதற்குள் காலமும் மாறிவிட்டது. நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்து சிப்பில் அடைத்த பெட்டிகள் வந்துவிட்டன. பட்டனை அழுத்தினால் உண்மையான சிதாரே வந்தது. யாருக்கும் எஃப்எம் வேண்டாம். அடுத்த வருஷமே டிஎக்ஸ்7ஐ ஒரு மெல்லிசைக் குழுவுக்கு விற்றுவிட்டேன்.

அப்புறம் வந்த பத்திருபது வருஷத்தில், அந்தப் பழைய பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் வந்தன. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2001ல் எஃப்எம்7 கொண்டுவந்தது. கோர்க் கம்பெனி தன் எம்1ஐத் தானே ப்ளக்இன் ஆக்கியது. ரோலண்டு 2017ல் டி-50ஐக் கொண்டுவந்தது. அதே வருஷம் ஆர்ட்டூரியாவின் டிஎக்ஸ்7. இவை எல்லாவற்றையும்விட என் மனசுக்கு நெருக்கமானது டெக்ஸ்ட் என்ற இலவச ப்ளக்இன். ராஃப் லெவியன் என்பவர் கூகுளில் ஆண்ட்ராய்டு போனுக்காக எழுதிய சிந்த் என்ஜினை எடுத்து, அதன்மேல் கட்டியது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பொருளை ஒரு மாணவன் காசில்லாமல் இன்று கற்றுக்கொள்ள முடிகிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலில் இருப்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். அனலாக் சிந்தை சாஃப்ட்வேரில் செய்வதும் டிஜிட்டல் சிந்தைச் செய்வதும் ஒன்றல்ல. அனலாக்கில் ஓடுவது மின்சாரம். சூட்டுக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி. அதை எவ்வளவு செய்தாலும் கிட்டத்தட்டத்தான். டிஜிட்டல் சிந்த் முதலிலிருந்தே ஒரு கணக்கு போடும் மிஷின். அது போட்ட கணக்கு தெரிந்தால் அதே கணக்கை இன்றைய கம்ப்யூட்டரும் கடைசி இலக்கம் வரை போட முடியும். 2021ல் கென் ஷிரிஃப் என்ற பொறியாளர் டிஎக்ஸ்7ன் சிப்பைத் திறந்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டராகப் படித்து அதன் கணக்கை வெளியிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த சிப்பு பெருக்கலைக் கூடியவரை தவிர்க்கிறது என்பது. சைன் அலையை லாகரிதமாக வைத்திருக்கிறது. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறது, பிறகு திருப்பி மாற்றிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்ஸ் டேபிளை வைத்துக்கொண்டு நாம் செய்தது இதேதான். வினாடிக்கு சுமார் 49,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 96 ஆபரேட்டருக்கு. 1983ல் வேறு வழியில் இது முடிந்திருக்காது.

ஆகவே டிஜிட்டல் சிந்த் விஷயத்தில் 'அது மாதிரியே இருக்கு' என்பதோடு திருப்திப்படக் கூடாது என்பது என் கட்சி. அதுவாகவே இருக்க முடியும். அதுவாக இல்லை என்றால் எங்கேயோ ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இதை நான் கற்றுக்கொண்டது 2019ல்.

அந்த வருஷம் வீடு மாற்றினோம். கேசட் பெட்டி ஒன்றின் அடியில் மூன்று ஃப்ளாப்பிகள் இருந்தன. லேபிளில் வேறு ஏதோ படத்தின் பெயர். அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். 1991ல் நாங்கள் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு அட்டாரி கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் மிடி ஒயரை நேராகச் செருகலாம், அதற்காகவே இசைக்காரர்கள் வாங்கிய மிஷின். அதில் ஒருநாள் டிஎக்ஸ்7ன் 32 டோன்களையும் காப்பி எடுத்திருந்தேன். ஸ்டுடியோ மூடியபோது அது அங்கேயே போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

டிஸ்கின் ஷட்டரை நகர்த்திப் பார்த்தால் பழுப்பு வட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. கோலப்பொடி கொட்டிய மாதிரி புள்ளி புள்ளியாக. அப்படியே டிரைவில் போட்டால் ரீட் செய்யும் தலை அந்தப் பூஞ்சையை இழுத்து வட்டைக் கீறிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, நடுவில் இருக்கும் உலோகச் சக்கரத்தை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு பக்கமும் துடைத்தேன். ஒரு டிஸ்குக்கு முக்கால் மணி நேரம். பிறகு உள்ளேயே ஃப்ளாப்பி டிரைவ் பொருத்திய ஒரு பழைய கம்ப்யூட்டரில், செக்டார் செக்டாராகப் படிக்கும் ஒரு ப்ரோக்ராமை ஓட விட்டேன். மூன்றாவது டிஸ்கில் அந்த ஃபைல் இருந்தது. அளவு 4104 பைட். டிஎக்ஸ்7 தெரிந்தவர்களுக்கு இந்த எண் போதும். முகப்புக்கு 6, டோனுக்கு 128 வீதம் 32 டோனுக்கு 4096, கடைசியில் சரிபார்க்க ஒன்று, முடிக்க ஒன்று.

ஒரே ஒரு செக்டார் படிக்கவில்லை. ஆறாவது செக்டார், 512 பைட். படிக்க முடியாத இடத்தை ப்ரோக்ராம் பூஜ்யத்தால் நிரப்பியிருந்தது. பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2560லிருந்து 3071 வரை போய்விட்டது. அப்படியானால் 21, 22, 23 மூன்றும் முழுசாகப் போய்விட்டன. 24ல் முதல் 122 பைட் போய், கடைசி ஆறு பைட் இருக்கிறது. டிஎக்ஸ்7 டோனில் கடைசிப் பத்து பைட் அதன் பெயர். சலங்கை என்று ஆங்கில எழுத்தில் வைத்திருந்தேன். சத்தம் முழுக்கப் போய், பெயரின் வாலில் 'ங்கை' மட்டும் மிஞ்சியது.

இருபதாம் நம்பரை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அது 2438ல் தொடங்கி 2565ல் முடிகிறது. போனது கடைசி ஆறு பைட். பெயரின் கடைசி ஆறு எழுத்து. 'வீன்' என்று முதல் நான்கு எழுத்து நின்றது. சத்தத்தின் எண் ஒன்றுகூடப் போகவில்லை.

டெக்ஸ்ட்டைத் திறந்து ஃபைலை ஏற்றி, இருபதாம் நம்பரை எடுத்து, ஸா வாசித்தேன். வந்தது வீணைதான். ஆனால் தகரத்தில் செய்த வீணை. மீட்டு முகத்தில் அறைந்தது. கார்வை இருந்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ப்ளக்இன் தப்பு என்று தீர்மானித்துவிட்டேன். அதில் நவீனத் துல்லியத்தோடு கணக்குப் போடும் முறை ஒன்றும், பழைய சிப்பைப் போலவே போடும் முறை ஒன்றும் இருக்கின்றன. மாற்றிப் பார்த்தேன். தேயும் வால் மாறியது, தகரம் போகவில்லை. வேறு இரண்டு ப்ளக்இன்களில் ஏற்றினேன். அவற்றிலும் அதே தகரம். மூன்று பேர் தனித்தனியாகச் செய்த மூன்று கணக்கில் ஒரே தப்பு எப்படி வரும்?

சாலிகிராமத்தில் நண்பர் ஒருவரிடம் நல்ல நிலையில் ஒரு டிஎக்ஸ்7 இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். டிஎக்ஸ்7ன் சொந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மிடி ஒயரை மட்டும் லேப்டாப்புக்குக் கொடுத்து, அந்தப் பழைய கட்டைகளில் வாசித்தேன். ஒலித்தது டெக்ஸ்ட்தான்.

என் வீணை வந்தது. அதே மீட்டு, அதே திறப்பு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நண்பர் எழுந்துபோய் ஏசியை அணைத்தார், இன்னும் நன்றாகக் கேட்பதற்காக.

ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே லேப்டாப் திரையில் எண்களைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் மிடியில் ஒரு பலம் உண்டு, ஒன்றிலிருந்து 127 வரை. டிஎக்ஸ்7ன் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எண் நூறைச் சுற்றியே நின்றுவிட்டது. என் வீட்டிலிருந்த புதுக் கீபோர்டோ சாதாரணமாக அடித்தாலே 110, கொஞ்சம் அழுத்தினால் 127. எஃப்எம்மில் பலம் கூடினால் சத்தம் மட்டும் கூடாது. அசைக்கும் ஆபரேட்டரும் சேர்ந்து கூடும், நிறமே மாறும். நான் அந்த டோனைச் செய்தபோது நூறுக்கு மேல் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல், நூறுதான் உச்சம் என்று வைத்துச் செய்திருக்கிறேன். இன்றைய கீபோர்டு அந்த டோனை நான் போகாத இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. ப்ளக்இன் ஒரு எண்கூடத் தப்பாகப் போடவில்லை. கைதான் வேறு.

வீட்டுக்கு வந்து, அடி எவ்வளவு பலமாக இருந்தாலும் நூறில் நிற்கும்படி ஒரு வளைவு போட்டேன். ஒரு நிமிஷ வேலை. பழைய டிஎக்ஸ்7 டோன்களைப் ப்ளக்இன்னில் ஏற்றிவிட்டு 'சாஃப்ட்வேர் கரகரன்னு இருக்கு' என்கிறவர்களைப் பார்த்தால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். முக்கால்வாசிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிக் கால்வாசி அந்த வால். டிஎக்ஸ்7ல் எண்ணை மின்சாரமாக மாற்றும் இடம் 12 பிட்தான். ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து மறையும் கடைசி வினாடியில், மணல் உதிர்வதுபோல ஒரு சன்னமான கரகரப்பு இருக்கும். அன்றைக்கு நாங்கள் அதைக் குறையாகத்தான் நினைத்தோம். மிக்ஸில் அதற்குள் அடுத்த ஸ்வரத்தைக் கொண்டுவந்து மறைப்போம். இன்று துல்லிய முறையில் அந்த மணல் இல்லாமல் கேட்கும்போது வீணை திடீரென்று அறையை விட்டு வெளியேறிவிட்ட மாதிரி இருக்கிறது. மணல் இருந்தால் அது கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் பழைய முறையில்தான் வைக்கிறேன்.

மற்ற பெட்டிகளிலும் இதே பாடம்தான். 1987ல் ரோலண்டு டி-50 வந்தபோது சிப் நினைவு கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஒரு வாத்தியத்தை அடையாளம் காணக் காதுக்கு அதன் முதல் நொடித்துளி போதும் என்பதை வைத்து, தொடக்கத்தை மட்டும் நிஜமாகப் பதிந்து வைத்தார்கள். மீதியை சிந்த் பாடியது. இரண்டையும் ஒட்ட உள்ளேயே ரிவெர்ப் கொடுத்தார்கள். எரிக் பெர்சிங் போன்றவர்கள் செய்த அதன் ஃபாக்டரி டோன்கள் அந்த ரிவெர்பைச் சேர்த்தே செய்யப்பட்டவை. இன்று ப்ளக்இன்னில் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டு, விலையுயர்ந்த வேறொரு ரிவெர்பைப் போடுகிறார்கள். ஒட்டு பிரிந்து தொடக்கம் ஒரு பக்கம், தொடர்ச்சி ஒரு பக்கமாகத் தெரியும். 1988ல் வந்த கோர்க் எம்1ல் அத்தனை வாத்தியங்களும் 4 எம்பிக்குள் அடங்கின. இன்றைய போனில் எடுத்த ஒரு புகைப்பட அளவு. அதன் ஃபில்டருக்கு ரெசொனன்ஸ் கிடையாது. ப்ளக்இன்னில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைய எம்1 பியானோ வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள்.

சமீப வருஷங்களில் இன்னொரு வழி வந்திருக்கிறது. சத்தத்தைப் பார்த்துச் செய்யாமல், அந்த மிஷினில் இருந்த சிப்பையே கம்ப்யூட்டருக்குள் கட்டி, மிஷினின் சொந்த ப்ரோக்ராமை அதில் ஓட விடுகிறார்கள். யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் என்ற குழு 1990களின் அக்சஸ் வைரஸை இப்படித்தான் உயிர்ப்பித்தது. மிஷினுக்குள் இருந்த ப்ரோக்ராமை நாம்தான் கொண்டுவர வேண்டும், அவர்கள் தருவதில்லை. அது சரியான நிலைப்பாடு. இந்தப் பெட்டிகள் என்றைக்கும் இருக்கப்போவதில்லை. நண்பர் வீட்டில் 1990களின் தொடக்கத்தில் வந்த பெரிய சிந்த் ஒன்று, கட்டைகளுக்கடியில் எடையை ஒட்டியிருந்த சிவப்புப் பசை முப்பது வருஷ வெயிலில் உருகி வழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அதிலிருக்கும் டோன்களை யாரோ ஒருவர் ஏழு மாதம் உட்கார்ந்து செய்திருப்பார். அவற்றைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு இளம் இசையமைப்பாளர் கூப்பிட்டார். எண்பதுகளில் நடக்கும் கதை. "அண்ணே, அந்தக் காலத்து வீணை டோன் ஒண்ணு வேணும், நிஜ வீணை வேண்டாம்" என்றார். ஃபைலைக் கொடுத்து, நூறில் நிற்கும் வளைவையும் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் வீலைத் தள்ளி கமகம் போடும் விதத்தை உட்கார்ந்து காட்டினேன். வலது கை அடித்த பிறகு ஒரு கணம் பொறுத்துத்தான் இழுக்க வேண்டும், கார்வை திறக்கும்போது. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். மாமா இருந்திருந்தால் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார்.

மூன்றாம் நாள் டோன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அண்ணே, 24ல வெறும் 'ங்கை'ன்னு இருக்கே. சவுண்டே வரல."

"சலங்கை, தம்பி. பேர்ல வால் மட்டும் மிஞ்சிச்சு."

"எப்படி இருக்கும்?"

ஆறு ஆபரேட்டரும் ஒன்றோடொன்று ஒட்டாத மடங்கில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. எண்கள் ஞாபகமில்லை. வாயால் சொல்லிக் காட்ட முயன்றேன், வரவில்லை.

"உங்க தங்கச்சி பரதம் ஆடுதுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"நாளைக்கு அதோட சலங்கைய எடுத்துட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுங்க. ஃபேன நிறுத்திட்டுக் கேக்கணும்."